இணையக் கல்விக் கழகமும் நடுவு நிலைமையும்

கல்வி என்பது ஒருவர் தாமே முயன்று தேடிக்கொள்ளும் செல்வமாயினும், அது திருந்துவதும் வளர்வதும் பலர் கூடும் அவையிடத்தேயாம். கற்றதனைப் பிறர் முன்வைத்து, அவர் கூறும் மறுப்பைச் செவிமடுத்து, பிழை களைந்துகொள்ளாதவிடத்துக் கல்வி நிறைவுறாது. பலர் கூடுமிடத்தில் ஒழுங்கு வேண்டும். ஒழுங்கு வேண்டுமிடத்தில் அதனைக் காப்போரும் வேண்டும். பாடசாலையில் அப்பொறுப்பு ஆசிரியருக்கு உரியது. அவருக்கு அதிகாரத்தை வழங்குவது கல்வித் திணைக்களம். அவர் பெற்ற பட்டமும் பயிற்சியும் அதற்குச் சான்று. அவர் தவறுமிடத்துக் கேட்பாரும் உளர். ஆனால், உலகின் பெருந்தொகையான மாணாக்கர் இன்று நாள்தோறும் நாடிச்செல்லும் இணையக் கல்விக் கழகங்களில் ஒழுங்கைக் காப்போரின் நிலை வேறு. அவர்கள் ஊதியம் பெறாதவர்கள், எவ்வரசாலும் நியமிக்கப்படாதவர்கள், பலர் தம் இயற்பெயரைக்கூட வெளியிடாதவர்கள். இத்தொண்டர்களின் அதிகாரம் எங்கிருந்து பிறக்கின்றது, அஃது எவ்வாறு கெடுகின்றது, எதனாற் காக்கப்படுகின்றது என்னும் மூன்று வினாக்களும் ஆராயற்பாலன.

இவ்வகைக் கழகங்களுள் மிகப் பெரியதும், யாவரும் நன்கறிந்ததும் விக்கிப்பீடியா என்னும் கலைக்களஞ்சியமாகும். அதனைப் படித்தற்குரிய ஒரு நூலாக மாத்திரம் கருதுவோர் பலர். உண்மையில் அது, எழுதுவோர் ஒருவரையொருவர் திருத்தித் தாமும் கற்கும் ஒரு கழகமுமாகும். ஒரு கட்டுரையை எவரும் தொடங்கலாம், எவரும் மாற்றலாம், மாற்றத்துக்கான காரணத்தை அக்கட்டுரைக்கெனவுள்ள உரையாடற் பக்கத்தில் எவரும் வினாவலாம். முந்நூற்றுக்கு மேற்பட்ட மொழிகளில் நடைபெறும் இம்முயற்சியின் நன்மை தீமைகளை நோக்குவதனால், தொண்டர் நெறிப்படுத்தும் கல்வியின் இயல்பு முழுவதும் ஒருவாறு புலனாகும்.

இக்களஞ்சியம் தோன்றிய வரலாறே ஒரு பாடமாக அமைந்துள்ளது. 2000ஆம் ஆண்டில் ஜிம்மி வேல்ஸ் என்பாரும் லரி சாங்கர் என்பாரும் முதலில் நிறுவியது நியூப்பீடியா என்னும் களஞ்சியம். கற்றுத் துறைபோயவர்களே அதற்கு எழுதுதல் வேண்டும். எழுதியது ஏழு படிகளைக் கொண்ட சோதனையைக் கடத்தல் வேண்டும் என்பது அதன் விதி. விதி சிறந்ததே. எனினும், 2003ஆம் ஆண்டில் அம்முயற்சி கைவிடப்பட்ட ஞான்று நிறைவுற்றிருந்த கட்டுரைகள் முப்பதைத்தானும் எட்டவில்லை. அதற்குத் துணையாக 2001ஆம் ஆண்டு சனவரி 15ஆந் திகதி தொடங்கப்பட்ட விக்கிப்பீடியாவோ வாயிற்கதவை முற்றாகத் திறந்துவிட்டது. கட்டுரைகள் ஆயிரக்கணக்கிற் பெருகின. முன்னையது காவல் மிகுந்து வாடிற்று. பின்னையது காவலின்றிப் படர்ந்தது. படர்ந்த கொடிக்குக் களைபறிப்போர் தேவைப்பட்ட பொழுதே தொண்டராகிய நெறியாளர் தோன்றினர். அவர்களை அக்கழகத்தார் நிருவாகிகள் என அழைப்பர்.

நிருவாகிகளுக்குச் சிறப்பாக உரிய கருவிகள் மூன்று. ஒரு பக்கத்தை நீக்குதல் ஒன்று. ஒரு பக்கத்தை மாற்றவொட்டாது பூட்டி வைத்தல் மற்றொன்று. தீங்கு செய்வாரை எழுதவொட்டாது தடுத்தல் பிறிதொன்று. கட்டுரையில் எது உண்மை, எது பொய் எனத் தீர்ப்பு வழங்கும் உரிமை அவர்களுக்கு இல்லை. அவ்வகையில் அவர்களும் ஏனையோரும் ஒரே நிலையினரே. 2003ஆம் ஆண்டில் வேல்ஸ் இப்பதவியைப் பற்றிக் கூறுங்கால், இதனை எவரும் பெரிதாக எண்ணலாகாது என்னும் கருத்தையே வலியுறுத்தினார். துடைப்பம் ஏந்திய நிருவாகியின் உருவத்தை ஆங்கிலக் களஞ்சியத்தார் இப்பதவிக்குக் குறியீடாக வழங்குதலும் இக்கருத்துப் பற்றியே. கூட்டித் துப்புரவு செய்வார்க்குக் கருவி வேண்டும். அக்கருவி செங்கோல் அன்று.

இவ்விடத்தே திருக்குறளின் அதிகார வைப்பு முறை சிந்திக்கத்தக்கது. செங்கோன்மை என்னும் அதிகாரம் பொருட்பாலில் அரசியலின்கண் வைக்கப்பட்டுள்ளது. நடுவு நிலைமையோ அறத்துப்பாலில் இல்லறவியலின்கண் பன்னிரண்டாம் அதிகாரமாக அமைந்துள்ளது. செங்கோன்மை ஆள்வோனுக்கு உரிய அறம். நடுவு நிலைமை பதவி யாதுமின்றி வாழும் சாதாரண மனிதனுக்கும் உரிய அறம் என்பது இவ்வைப்பு முறையாற் பெறப்படும். அரசனுக்குப் பின்னே படையும் சட்டமும் நிற்கும். இல்வாழ்வானுக்குப் பின்னே நிற்பது அயலார் அவன்மேல் வைத்த நம்பிக்கை ஒன்றே. இணையக் கழகத்தின் தொண்டர் இரண்டாம் வகையினர். அவர்களிடத்து வேண்டப்படுவது நடுவு நிலைமையேயன்றிச் செங்கோன்மையன்று. இவ்வேறுபாட்டை மறந்து, தம்மை ஆள்வோராக எண்ணத் தலைப்பட்ட இடங்களிலெல்லாம் கழகம் கெட்டது என்பதற்கு அண்மைக்கால வரலாறு சான்று பகரும்.

நடுவு நிலைமைக்கு உரை வகுத்த பரிமேலழகர், பகை, நொதுமல், நட்பு என்னும் மூன்று பகுதியாரிடத்தும் ஒப்ப நிற்றலே அதன் இலக்கணம் எனக் கொண்டார். நொதுமலாவார் பகைவருமல்லர், நண்பருமல்லர், அயலார். இப்பாகுபாடு தொண்டர் நெறியாளரின் பணியை அளந்தறிதற்கு மிகவும் பொருத்தமானது. கழகத்துக்குத் தீங்கு செய்வாரும், நெறியாளரோடு கருத்து மாறுபடுவாரும் பகைப் பகுதியினர்; புதிதாக வந்து சேரும் கற்போர் நொதுமலர்; உடன் பணியாற்றும் ஏனைய நெறியாளர் நட்பினர். இம்மூவரிடத்தும் அவர் எவ்வாறு ஒழுகுகின்றார் என்பதே அவர்தம் தகுதிக்கு உரைகல்லாம்.

முதற்கண் பகைப் பகுதி நோக்கற்பாலது. நெறியாளர் காவல் சோருமாயின் விளைவது யாது என்பதனை 2005ஆம் ஆண்டு நிகழ்ச்சியொன்று காட்டிற்று. ஜோன் சைகந்தாலர் என்பார் அமெரிக்காவின் மூத்த பத்திரிகையாளர்களுள் ஒருவர். கென்னடி சகோதரர்களின் கொலையில் அவர்மீது ஐயம் எழுந்தது எனப் பொய்யாக எழுதிய கட்டுரையொன்று அவ்வாண்டு மே மாதத்திற் களஞ்சியத்துட் புகுத்தப்பட்டு, நான்கு மாதங்களுக்கு மேலாக எவர் கண்ணிலும் படாது கிடந்தது. அவர் அதனைப் பத்திரிகை வாயிலாக வெளிப்படுத்திய பின்னரே, ஆங்கிலக் களஞ்சியத்தில் புதுக் கட்டுரை தொடங்குவோர் தம்மைப் பதிவு செய்துகொள்ளல் வேண்டும் என்னும் விதி வந்தது. ஒருவரின் நற்பெயரைக் கெடுக்கும் பொய்யைக் களைதல் நெறியாளரின் தலையாய கடன் என்பதில் ஐயமில்லை. எனினும், தீங்கு செய்வோர் வேறு, மாறுபட்ட கருத்துக் கூறுவோர் வேறு. இவ்விருவரையும் ஒருங்கு வைத்தெண்ணும் நெறியாளர், களை பறிக்கப் புகுந்து பயிரையும் பறித்தவராவர். இதனைத் தடுத்தற் பொருட்டே, தாம் பங்கு கொண்டுள்ள வழக்கில் எந்த நிருவாகியும் தம் கருவிகளைப் பயன்படுத்தலாகாது என்னும் விதியை ஆங்கிலக் களஞ்சியத்தார் வகுத்துக்கொண்டனர். வாதியே நீதிபதியாதல் கூடாது என்னும் பழைய நீதியின் புதிய வடிவமே அது.

இரண்டாவது, நொதுமலராகிய புதியோர். ஆங்கிலக் களஞ்சியத்தில் எழுதுவோர் தொகை 2007ஆம் ஆண்டளவில் உச்சநிலையை அடைந்து, பின்னர்க் குறையத் தொடங்கிற்று. இதற்குரிய காரணத்தை ஆராய்ந்த ஆரன் ஹாஃபேக்கர் முதலியோர் 2013ஆம் ஆண்டில் தம் முடிபினை வெளியிட்டனர். தீங்கினைத் தடுத்தற்கெனச் செய்யப்பட்ட கடுமையான விதிகளும், பொறிகளின் துணையால் நொடிப்பொழுதிற் செய்யப்படும் நீக்கங்களும், நல்லெண்ணத்தோடு வந்த புதியோரையும் விரட்டிவிட்டன என்பது அவர் கண்ட உண்மை. இது பாடசாலை ஆசிரியர் எவர்க்கும் புதிய செய்தியன்று. முதன்முதலாகக் கட்டுரை எழுதிக் கொணர்ந்த மாணவனின் தாளைச் சிவப்பு மையாற் கோடிட்டுத் திருப்பிக் கொடுப்பதோடு ஒருவர் அமைவாராயின், அம்மாணவன் மீண்டும் எழுத விழையான். பிழை இதுவென்றும், திருத்தும் வழி இதுவென்றும் இரண்டு வரி எழுதுதற்கு நேரம் வேண்டும். தொண்டருக்குக் குறைவாகவுள்ளது அந்நேரமே. ஆயினும், நேரமின்மை முறையாகாது. காரணங் கூறாத நீக்கம் காவலாகுமேயன்றிக் கற்பித்தலாகாது. கல்விக் கழகத்திற் காவல் கற்பித்தலின் பொருட்டே உளது.

மூன்றாவது நட்புப் பகுதி. இதுவே மிகக் கடினமானது. நண்பரிடத்து நடுவு நிலை வழுவியதனால் ஒரு மொழியின் களஞ்சியம் முழுவதும் எவ்வாறு சீர்கெட்டது என்பதற்குக் குரோவாசிய மொழிக் களஞ்சியம் சான்று. ஏறக்குறைய 2011ஆம் ஆண்டிலிருந்து பத்தாண்டு காலம், ஒரே அரசியற் சார்புடைய சிறு குழுவினர் அங்கே நிருவாகிகளாயிருந்து ஒருவர்க்கொருவர் துணைநின்றனர். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் உஸ்தாசா ஆட்சியினர் செய்த கொடுமைகளும், யசெனோவாச் வதைமுகாமின் வரலாறும் அக்கட்டுரைகளில் மழுப்பப்பட்டன. மறுத்துக் கேட்டோர் தடுக்கப்பட்டனர். 2013ஆம் ஆண்டில் அந்நாட்டின் கல்வியமைச்சர் செல்கோ யொவனோவிச் தம் நாட்டு மாணவர் அக்களஞ்சியத்தைப் பயன்படுத்தாதிருத்தல் நன்று என வெளிப்படையாகக் கூறவேண்டியதாயிற்று. களஞ்சியங்களுக்கு ஆதரவளிக்கும் விக்கிமீடியா நிறுவனம் இதனை ஆராய்வித்து 2021ஆம் ஆண்டில் அறிக்கை வெளியிட்டது.

இந்நிகழ்ச்சியில் ஊன்றி நோக்கவேண்டியது ஒன்றுண்டு. அங்கே விதிகள் இல்லாமற் போகவில்லை. நெறியாளரைத் தெரிவு செய்யும் வாக்கெடுப்பும் இருந்தது. இல்லாமற் போனது மாறுபட்டோரின் குரல். ஒத்த கருத்துடையோர் மாத்திரம் எஞ்சிய அவையில் வாக்கெடுப்பு நடுவு நிலைமையைத் தராது. இன்னும், குரோவாசியம், சேர்பியம், பொஸ்னியம் என்னும் மொழிகளைப் பேசுவோர் ஒருவர் எழுத்தை மற்றவர் எளிதில் விளங்கிக்கொள்வர். அவ்வாறிருந்தும் களஞ்சியங்கள் தனித்தனியே பிரிந்து நின்றமையால், அயலார் வந்து வினாவும் வாய்ப்புக் குறைந்தது. தொண்டரின் நடுவு நிலைமை அவர்தம் உள்ளத்தின் தூய்மையை மாத்திரம் பொறுத்ததன்று. தம்மோடு மாறுபடுவார் தம்மருகே இருத்தலையும் பொறுத்தது என்பது இதனாற் பெறப்படும்.

மேற்கூறிய மூன்றோடு, நெறியாளரின் அறிவுத் தகுதி பற்றியும் ஒரு வினா எழும். 2006ஆம் ஆண்டில் நியூ யோர்க்கர் என்னும் அமெரிக்க இதழ், சமயத்துறைப் பேராசிரியர் எனத் தம்மைக் கூறிக்கொண்ட நிருவாகி ஒருவரைப் பற்றி எழுதிற்று. அவர் கலாநிதிப் பட்டம் எதுவும் பெறாத இருபத்து நான்கு வயதினர் என்பது 2007இல் வெளியாயிற்று. அவர் தம் பொறுப்புக்களைத் துறந்தார். பொய்ப் பட்டத்தைக் கட்டுரை பற்றிய வாதங்களிலும் அவர் சான்றாகக் காட்டியிருந்தமையே பெருங்குற்றம். இவ்வகைக் கழகத்தில் ஒருவர் சொல்லுக்கு மதிப்பளிப்பது அவர் காட்டும் ஆதாரமேயன்றி அவர்தம் பெயரின் பின்னுள்ள எழுத்துக்களல்ல. மெய்யான பட்டம் பெற்றவர்க்கும் இதுவே விதி.

இதற்கு மறுதலையான நிகழ்ச்சி ஸ்கொத் மொழிக் களஞ்சியத்தில் நேர்ந்தது. ஸ்கொத்லாந்தில் ஆங்கிலத்துக்கு உடன்பிறந்த மொழியாய் வழங்கும் அதனைப் பேசவல்லவர் ஏறக்குறைய பதினைந்து இலட்சம் பேர் என 2011ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீடு கூறும். எனினும், அம்மொழிக் களஞ்சியத்தில் 20,000க்கு மேற்பட்ட கட்டுரைகளைத் தொடங்கி, நிருவாகியாகவும் விளங்கியவர், அம்மொழி அறியாத அமெரிக்கச் சிறுவர் ஒருவர் என்பது 2020ஆம் ஆண்டில் தெரியவந்தது. பன்னிரண்டாம் வயதில் இப்பணியைத் தொடங்கிய அவர் அகராதியைக் கொண்டு ஆங்கிலச் சொற்களை ஒவ்வொன்றாக மாற்றி வந்தார். அவரிடத்து வஞ்சகம் இருந்ததில்லை. உழைப்பு மிகுதியாக இருந்தது. குற்றம் அவர்மீது மாத்திரம் சுமத்தற்பாலதன்று. அம்மொழியை அறிந்த இலட்சக்கணக்கானோர் அங்கே வாராதிருந்தமையே அதற்கு இடங்கொடுத்தது. அறிந்தோர் வெறிதாக விட்ட இருக்கையில் அறியாதோர் அமர்தல் உலகியற்கை.

இக்குறைகளைச் சுட்டி, தொண்டர் முறையையே நீக்கிவிட்டு ஊதியம் பெறும் அறிஞரிடத்து இப்பணியை ஒப்படைத்தல் வேண்டும் என வாதிப்போர் உளர். அவ்வாதம் முற்றாகப் புறக்கணிக்கத்தக்கதன்று. ஆயினும், நியூப்பீடியாவின் முடிவு அதற்கு ஒரு விடை. 2005ஆம் ஆண்டில் நேச்சர் என்னும் அறிவியல் இதழ் 42 அறிவியற் கட்டுரைகளை ஒப்பிட்டு நோக்கியபொழுது, விக்கிப்பீடியாவிற் கட்டுரையொன்றுக்கு ஏறக்குறைய நான்கு பிழைகளும், பிரித்தானிக்காக் கலைக்களஞ்சியத்தில் மூன்று பிழைகளும் காணப்பட்டன. பிரித்தானிக்காவினர் அவ்வொப்பீட்டின் முறையை மறுத்தனர். அம்மறுப்பை ஏற்பினும், ஊதியம் பெறும் அறிஞர் எழுதிய நூலும் பிழைக்குப் புறம்பானதன்று என்பது தெளிவு. தொண்டர் களஞ்சியத்துக்கு ஒரு மேன்மையுண்டு. யார், எப்பொழுது, எதனை மாற்றினார் என்பது பக்கத்தின் வரலாற்றிற் பதிவாகி எவரும் காணக்கூடியதாயுள்ளது. நிருவாகி செய்யும் தடையும் நீக்கமும் அவ்வாறே பதிவாகும். பதவியைத் திரும்பப் பெறும் முறையொன்றை 2024ஆம் ஆண்டில் ஆங்கிலக் களஞ்சியத்தார் ஏற்றுக்கொண்டதும் நன்னெறியே. எனினும், ஆங்கிலக் களஞ்சியத்தில் 2007ஆம் ஆண்டில் 400க்கு மேற்பட்டோர் புதிதாக நிருவாகிகளாயினர். 2012இல் அத்தொகை 30ஐத்தானும் எட்டவில்லை. பதவிக்கு வர முன்வருவார் குறையக் குறைய, இருப்பவர் கையிலுள்ள துடைப்பம் கோலாக மாறுதல் எளிதாகும்.

இவையெல்லாம் தமிழுக்கும் பொருந்துமாறு கருதற்பாலது. தமிழ் விக்கிப்பீடியா 2003ஆம் ஆண்டில் தோன்றிற்று. அதன் தொடக்ககாலந்தொட்டு உழைத்து, அதற்கு உருக்கொடுத்தவர் யாழ்ப்பாணத்தவராகிய இ. மயூரநாதன். கனடாவிலுள்ள தமிழ் இலக்கியத் தோட்டம் 2015ஆம் ஆண்டுக்குரிய இயல் விருதினை அவருக்கு வழங்கிச் சிறப்பித்தது. 2017ஆம் ஆண்டில் அக்களஞ்சியத்தின் கட்டுரைத் தொகை ஓரிலட்சத்தைக் கடந்தது. ஈழத்தவரும் தமிழகத்தவரும், பிறநாடுகளில் வாழும் தமிழரும் ஒரே களஞ்சியத்தில் எழுதுகின்றனர் என்பது அதன் தனிச்சிறப்பு. அதனால் இடர்ப்பாடுகளும் உள. ஈழத்து மாணவன் ஒட்சிசன் என்று கற்றதனைத் தமிழகத்து மாணவன் ஆக்சிஜன் என்று கற்கின்றான். இங்கே பௌதிகவியலும் இரசாயனவியலும் அங்கே இயற்பியலும் வேதியியலுமாக வழங்குகின்றன. பிறமொழிப் பெயர்களை எழுதும் முறையிலும் இரு கரைக்கும் வேற்றுமையுண்டு. கட்டுரைக்கு எப்பெயரைத் தலைப்பாக இடுவது என்னும் வழக்கு எழாமலிராது.

இவ்விடத்தே நெறியாளர் தம் ஊர் வழக்கே செந்தமிழ் எனக் கொண்டு மற்றையதனை நீக்குவாராயின், ஒரு கரையிலுள்ள மாணவர் தாம் படித்த சொல்லைக் களஞ்சியத்திற் காணாது மயங்குவர். ஒரு பெயரைத் தலைப்பாக வைத்து, மற்றைப் பெயரால் தேடி வருவோரையும் அக்கட்டுரைக்கே இட்டுச் செல்லும் வழிமாற்று முறை களஞ்சியத்தில் உளது. இரு சொல்லையும் முதல் வரியிலேயே தருதலும் கூடும். கருவி எளியது, அதனைப் பயன்படுத்தும் மனநிலையே அரியது. ஒரு வகையில் இவ்வேற்றுமை இடர் அன்று, அரண். குரோவாசியத்தில் இல்லாமற் போன அயற்குரல் தமிழ்க் களஞ்சியத்தில் இயல்பாகவே உளது. யாழ்ப்பாணத்தவர் எழுதியதனைத் தஞ்சையார் வினாவுவர். மதுரையார் எழுதியதனை மட்டக்களப்பார் வினாவுவர். அவ்வினாவை இடையூறாக எண்ணாது காவலாக எண்ணுதல் வேண்டும்.

எனினும், ஸ்கொத் மொழிக்கு நேர்ந்தது தமிழுக்கு நேராது என எவரும் அமைதியுறல் கூடாது. எட்டுக் கோடியளவினர் பேசும் மொழியாயினும், அதன் களஞ்சியத்தை நாள்தோறும் காத்துவருவோர் மிகச் சிலரே. பாடசாலை மாணவர் ஒப்படைகளுக்காக அக்களஞ்சியத்தை நாடுகின்றனர். அங்குள்ளதை அவ்வாறே பெயர்த்தெழுதுகின்றனர். ஆசிரியர் அதனைப் படியாதே என விலக்குவதாற் பயனில்லை. கட்டுரையைப் படிக்குமாறு மாத்திரம் கற்பியாது, அதன் வரலாற்றையும் உரையாடற் பக்கத்தையும் படிக்குமாறு கற்பித்தல் வேண்டும். யார் எதனை மறுத்தார், என்ன ஆதாரம் காட்டினார், நெறியாளர் எவ்வாறு ஒழுகினார் என்பவற்றை ஆராயும் மாணவன், ஆராய்ச்சியின் முதற்படியிற் கால்வைத்தவனாவான்.

இளைப்பாறிய ஆசிரியரும், பல துறைகளிற் பணியாற்றும் பழைய மாணவரும் இப்பணிக்கு மிகவும் உரியவர்கள். தாவரவியலைத் தமிழிற் கற்பித்தவர், சட்டத்தைத் தமிழில் மொழிபெயர்த்தவர், ஊர் வரலாறு அறிந்தவர் ஆகியோர் வாரத்தில் ஒரு மணி நேரம் ஒதுக்கி, தம் துறைக் கட்டுரை பத்தினைக் கண்காணிப்பினும் அது பெருந்தொண்டாகும். அதற்குப் பதவி வேண்டுவதில்லை. பதவி வந்து சேருமாயின், பகைவரைத் தடுக்கும்போது காரணத்தை எழுதியும், புதியோரைத் திருத்தும்போது வழியைக் காட்டியும், நண்பர் வழுவும்போது அவையறியச் சுட்டியும் அதனை நடத்துதல் வேண்டும். நடுவு நிலைமையை வள்ளுவர் இல்வாழ்வானுக்கு உரியதாக வைத்தமையின் பயன், அஃது எவரும் கைக்கொள்ளத்தக்க அறம் என்பதே. தமிழ்க் கல்விக் கழகத்துக்கு இன்று வேண்டப்படுபவர் அவ்வறத்தைக் கைக்கொள்ளும் சாதாரண மனிதர் பலர்.